அப்பாவின் பாதப் புண்ணும் மூன்றரை லட்சம் ரூபாய் ஊசியும்

வாசகர் கேள்வி

மதிப்புக்குரிய டாக்டருக்கு வணக்கம். நாங்கள் மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலி. அப்பாவுக்கு 61 வயது. 30 வருஷமாக இட்லி வியாபாரம். விடியற்காலையில் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் மாட்டுங்கா, தாதர் என்று நடந்தே விற்றுவிட்டு மதியம்தான் வருவார். 14 வருஷமாகச் சர்க்கரை. வலது காலில், பெருவிரலுக்குக் கீழே பாதத்தில் ஆணி மாதிரி தடித்திருந்த இடம் 5 மாதத்துக்கு முன்னால் புண்ணாகிவிட்டது. ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். வலியே இல்லை என்கிறார், அதனால் வியாபாரத்தை நிறுத்தவில்லை. தினமும் டிரெஸ்ஸிங் செய்கிறோம், மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாகிவிட்டது, ஆறவில்லை. மூன்று மாத சர்க்கரை சராசரி 9.6. அந்தேரியில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி 3 முறை போட்டால் புதுத் தோல் வளர்ந்து மூடிவிடும், மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். என் நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறேன். தம்பிதான் உங்களிடம் கேட்கச் சொன்னான். ஆய்வகத்தில் தோல் வளர்த்து ஒட்டுவதாகவும் படித்தேன். அது அப்பாவுக்குச் சரிப்படுமா? என் மகள் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தோம். அது தாத்தாவுக்கு உதவுமா?

தாராவியிலிருந்து ஒரு மகள்

பிளாஸ்டிக் சர்ஜனின் பதில்

அன்புள்ள அம்மா,

முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். நகையை அடகு வைக்காதீர்கள். அந்த ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள். உங்கள் தம்பி சரியான நேரத்தில் சரியான யோசனை சொல்லியிருக்கிறார்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். ஸ்டெம் செல்லும் ஆய்வகத்தில் வளர்க்கும் தோலும் பொய் இல்லை. எங்கள் துறையில் கடந்த 50 வருஷத்தில் நடந்த பெரிய காரியங்களில் அவையும் உண்டு. உங்கள் அப்பாவின் புண்ணுக்கு அவை இப்போது தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி, "வலியே இல்லை என்கிறார்" என்பது. ஒரு ரூபாய் அளவு புண்ணோடு, தலையில் பாரத்தோடு, தாராவியிலிருந்து தாதர் வரை ஒருவர் நடக்க முடிகிறது என்றால் அவர் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். நீண்டகாலச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. நமக்கெல்லாம் செருப்பில் சின்னக் கல் இருந்தாலும் கால் தானாக அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், கொஞ்சம் சாய்த்து ஊன்றுவோம், நொண்டுவோம். அவர் நொண்டவில்லை. ஒவ்வொரு அடியிலும் உடம்பு பாரமும் இட்லிப் பாத்திரத்தின் பாரமும் அதே இடத்தில்தான் இறங்குகின்றன. ஆணி என்று நீங்கள் நினைத்தது அந்த அழுத்தத்துக்குத் தோல் காட்டிய எதிர்ப்பு. தடித்த தோலே ஒரு கல் மாதிரி உள்ளே அழுத்தி, கீழே இருக்கும் சதையை நசுக்கி, கடைசியில் உடைந்து புண்ணாகிவிட்டது. ராத்திரி முழுக்க உடம்பு அந்தப் புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் புதுத் தோலை வளர்க்கிறது. விடிந்ததும் அவர் அதை மிதித்து அழித்துவிடுகிறார். ஐந்து மாதமாக இதுதான் நடக்கிறது.

இதை உலகத்துக்குப் புரிய வைத்த இடங்களில் ஒன்று நம் வேலூர். 1946ல் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் தொழுநோயாளிகளின் கை கால்களில் வேலை செய்தார். தொழுநோயில் சதை தானாக அழுகிவிடும், அந்தப் புண் ஆறவே ஆறாது என்றுதான் அப்போது நம்பினார்கள். பிராண்ட் கவனித்தது வேறு. அந்தச் சதையும் மற்றவர்கள் சதை மாதிரியே ஆறுகிறது, வலி தெரியாததால் அவர்கள் அதை ஆறவிடுவதில்லை, அவ்வளவுதான். புண் இருந்த காலை மாவுக்கட்டில் அடைத்து வைத்தால் பல மாதப் புண்கள் மூடின. பிறகு அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனபோது அந்த மாவுக்கட்டு முறையையும் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்கச் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு அதுதான் முதல் சிகிச்சைகளில் ஒன்று. இதற்குத் திரும்ப வருகிறேன். அதற்கு முன்னால் ஸ்டெம் செல்.

தோலின் மேல் அடுக்கு மாதத்துக்கு ஒருமுறை போலத் தன்னை முழுக்கப் புதுப்பித்துக்கொள்கிறது. அந்த அடுக்கின் அடித்தளத்திலும் முடிவேர்களின் பக்கவாட்டிலும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது ஒன்று அங்கேயே தங்கும், மற்றொன்று மேலே ஏறித் தோலாகும். கையில் கத்தி பட்டு ஆறுவது இந்தச் செல்களால்தான். அதாவது உங்கள் அப்பாவின் புண் ஓரத்தில் ஸ்டெம் செல் ஏற்கனவே இருக்கிறது. அவருக்கு அது இல்லாமல் போய்விடவில்லை.

இந்தச் செல்களை உடம்புக்கு வெளியே வளர்க்க முடியும் என்று 1975ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹாவர்ட் கிரீன் என்ற இருவர் காட்டினார்கள். மனிதத் தோல் செல்லைத் தனியாகக் கிண்ணத்தில் வைத்தால் சீக்கிரம் நின்றுவிடும். வளராதபடி கதிர்வீச்சு கொடுத்த எலிச் செல்களைக் கீழே ஒரு மெத்தை மாதிரி பரப்பி, அதன் மேல் வைத்தபோது அது பெருகத் தொடங்கியது. தபால் தலை அளவுத் தோலிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் ஒரு ஆளைப் போர்த்தும் அளவுக்குத் தோல் தாள்கள் வளர்க்கலாம் என்ற நிலை வந்தது. 1983ல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 5 வயதும் 6 வயதுமான அண்ணன் தம்பி இருவர் உடலில் 95 சதவீதத்துக்கும் மேல் வெந்துபோய் பாஸ்டன் நகருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எடுத்து ஒட்டுவதற்கு உடம்பில் தோலே மிச்சமில்லை. அக்குளில் தப்பியிருந்த துளித் தோலை எடுத்து, கிரீனின் முறையில் வளர்த்து, உடம்பின் பாதிக்கும் மேல் அதனால் மூடினார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். நான் மருத்துவ மாணவனாக இருந்தபோது முதன்முதலாக அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. சிரியாவிலிருந்து அகதியாக ஜெர்மனிக்கு வந்த 7 வயதுப் பையன் ஒருவனுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு. மேல் தோலைக் கீழே ஒட்டி வைக்கும் புரதம் சரியாக உருவாகாது, தொட்டாலே தோல் உரியும். 2015ல் அங்கே போஹும் (Bochum) என்ற ஊரின் மருத்துவமனையில் சாகும் நிலையில் இருந்தான். இத்தாலியில் மிக்கேலே டி லூக்கா என்ற விஞ்ஞானியின் குழு அவன் தோலில் ஒரு சிறு துண்டை வாங்கி, அந்தச் செல்களில் சரியான மரபணுவைச் சேர்த்து, வளர்த்துத் திருப்பி அனுப்பியது. உடம்பின் 80 சதவீதத் தோலை அதனால் மாற்றினார்கள். பையன் பள்ளிக்கூடம் போய்ப் பந்து விளையாடினான். 2017ல் வெளியான அந்த ஆய்வு இன்னொரு உண்மையையும் காட்டியது. ஒட்டிய கோடிக்கணக்கான செல்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் உதிர்ந்து போய்விட்டன. நீண்ட காலம் வாழும் ஒரு சிறு பங்கு ஸ்டெம் செல்கள் மட்டும் தங்கி, அவைதான் முழுத் தோலையும் திரும்பத் திரும்ப உண்டாக்கின.

இந்த இரண்டு கதையிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். தோல் போதவில்லை, அதனால் தோல் வளர்த்தார்கள். உங்கள் அப்பாவுக்கு உடம்பு முழுக்க நல்ல தோல் இருக்கிறது. தோல் பற்றாக்குறையால் அவர் புண் திறந்திருக்கவில்லை. ஒரு வேளை மூட வேண்டிய நிலை வந்தாலும் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்ட என்னைப் போன்ற எந்த சர்ஜனாலும் முடியும். ஆனால் பாதத்தின் அடியில், பாரம் விழும் இடத்தில், அழுத்தத்தைச் சரி செய்யாமல் ஒட்டிய தோல் திரும்ப உடையும். ஆய்வகத்தில் வளர்த்த மேல் தோல் அதைவிட மெல்லியது, கீழடுக்கு இல்லாதது, தொட்டால் கொப்பளிக்கக் கூடியது. அது பாதத்தின் அடியில் தாங்கவே தாங்காது.

அந்தக் கீழடுக்கையும் உருவாக்கும் முயற்சிதான் திசுப் பொறியியல். செல்லுக்கு ஒரு சாரம் வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பக்கம் வீட்டுக்கு மேல் தளம் கட்டும்போது மூங்கில் சாரம் போடுவார்களே, அது மாதிரி. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதமும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேர்த்துச் செய்த சாரம் ஒன்று 1980களின் தொடக்கத்திலேயே தீப்புண்ணில் பயன்பாட்டுக்கு வந்தது. நம் செல்களும் ரத்தக் குழாய்களும் அதற்குள் ஏறி நிறைந்த பிறகு சாரம் தானாகக் கரைந்துவிடும். அப்லிகிராஃப் என்ற பெயரில் வந்தது அடுத்த படி. பிறந்த குழந்தைகளுக்குச் சுன்னத்து செய்யும்போது எடுக்கும் தோலிலிருந்து செல்களைப் பிரித்து, கொலாஜனில் இரண்டு அடுக்காக வளர்த்த தோல் அது. சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு அமெரிக்காவில் 2000ல் அனுமதி கிடைத்தது. ஆய்வில் 12 வாரத்தில் அதை வைத்தவர்களில் 56 சதவீதம் பேருக்குப் புண் மூடியது, சாதாரண டிரெஸ்ஸிங் மட்டும் செய்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு மூடியது. உதவி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட அத்தனை பேருக்கும் காலில் ரத்த ஓட்டம் சரியாக இருந்தது, சீழ் இல்லை, செத்த சதை அகற்றப்பட்டது, பாதத்தின் பாரம் குறைக்கப்பட்டது. இவை எல்லாம் நடந்த பிறகுதான் அந்தத் தோல். அந்தச் செல்களும் சில வாரத்தில் மறைந்துவிடும். அவை இருக்கும்வரை சுரக்கும் பொருட்கள் நம் சொந்தச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன.

இப்போது அந்தேரி ஊசிக்கு வருவோம். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலோ வயிற்றுக் கொழுப்பிலோ எடுத்த செல்களைப் போடுவதாகச் சொல்வார்கள். சில இடங்களில் நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி, தட்டணு நிறைந்த பகுதியைப் பிரித்துப் போட்டுவிட்டு அதற்கு ஸ்டெம் செல் என்று பெயர் வைக்கிறார்கள். பி.ஆர்.பி. என்ற அதில் ஸ்டெம் செல் கிடையாது, செலவும் லட்சக்கணக்கில் ஆகாது. சரி, உண்மையிலேயே மஜ்ஜைச் செல்தான் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991ல் கொடுத்தவர் அர்னால்ட் கேப்லன். அதே கேப்லன் 2017ல் இந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். உடம்புக்குள் போட்டால் இவை புதுத் திசுவாக மாறுவதில்லை, சுற்றியிருக்கும் செல்களுக்குச் சமிக்ஞைதான் அனுப்புகின்றன, ஸ்டெம் செல் என்ற சொல்லைக் காட்டி நோயாளிகளை ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் வருத்தம். ஆகவே "ஊசி போட்டால் புதுத் தோல் வளரும்" என்று உங்களிடம் சொன்னது அந்தச் செல்லுக்குப் பெயர் வைத்தவரே ஒத்துக்கொள்ளாத பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற ரத்த ஸ்டெம் செல் சிகிச்சைதான் நிறுவப்பட்டது. மற்றவை எல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குப் பதிவு எண் வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், கெடுதல் நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும், நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஸ்டெம்ப்யூசெல் என்ற தயாரிப்பு முறையாகச் சோதனைகளைத் தாண்டி 2020ல் அனுமதி பெற்றது. ஆனால் அது புர்கர் நோய் (பெரும்பாலும் புகை பிடிப்பவர்களின் கை கால் ரத்தக் குழாய்களை அடைக்கும் நோய்) போன்றவற்றால் காலுக்கு ரத்த ஓட்டம் மிகவும் குறைந்தவர்களுக்குக் கிடைத்த அனுமதி. அதைக் காட்டி வேறு எதையோ விற்கிறவர்களும் உண்டு என்பதால் சொல்கிறேன். அந்த கிளினிக்கில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இது அனுமதி பெற்ற மருந்தா, அல்லது ஆராய்ச்சியா?" மருந்து என்றால் இந்தப் புண்ணுக்கான அனுமதிக் கடிதம் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் கேளுங்கள், மூன்றரை லட்சம் எதற்கு என்றும் கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் செம்பூரிலிருந்து ஒரு டிரைவர் என்னிடம் வந்தார். உங்கள் அப்பாவைப் போலவே புண், அதே இடம். ஒரு இடத்தில் ஊசிக்காக வண்டியை விற்றிருந்தார். நான் ஒரு மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன், நேராக எலும்பில் தட்டியது. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. ஊசி போட்ட நான்கு மாதமும் யாரும் ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. விரலையும் அதன் பின்னால் எலும்பில் கொஞ்சத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஊசி அவரைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். அந்த நான்கு மாதம் போனதுதான் கெடுத்தது. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரமே அப்பாவை ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கோ பாத கிளினிக்குக்கோ அழைத்துப் போங்கள். உங்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, மாநகராட்சி மருத்துவமனை என்பதால் செலவும் குறைவு. முதலில் காலில் ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். டாப்ளர் கருவியில் கணுக்கால் அழுத்தம் பார்ப்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் கணுக்கால் கணக்கு நன்றாக இருப்பதுபோல் பொய் காட்டும், அதனால் கால் விரலிலும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் போதவில்லை என்றால் குழாய் அடைப்பைச் சரி செய்வதுதான் முதல் வேலை, மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான். அடுத்தது எலும்பு. ஐந்து மாதப் புண்ணுக்கு எக்ஸ்ரே கட்டாயம். ஆன்டிபயாடிக் சீழ் பிடித்தால் வேண்டும், சீழ் இல்லாத புண்ணை அது ஆற்றாது. மூன்று தடவை கொடுத்தும் ஆறாததில் ஆச்சரியம் இல்லை.

சர்க்கரை 9.6 என்பது அதிகம். இன்சுலின் என்றால் அப்பா பயப்படலாம். புண் ஆறும் வரைக்குமாவது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு புண்ணைச் சுற்றியுள்ள காய்ப்பைக் கத்தியால் சீவி எடுப்பார்கள். ரத்தம் வரும், புண் முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். பயப்படாதீர்கள். உணர்ச்சி இல்லாததால் வலிக்காது. அந்தத் தடித்த ஓரத்தைத் தாண்டித் தோல் செல்களால் நகர முடியாது, அதனால் இதை வாராவாரம் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் பிளேடு வைத்து நீங்கள் செய்யாதீர்கள், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரும் ஒட்டாதீர்கள், அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

ரத்த ஓட்டம் நன்றாக இருந்து சீழும் இல்லையென்றால், மாவுக்கட்டு. பாதத்தின் வடிவத்தோடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழ் வரை போடும் கட்டு இது. பாரத்தைப் புண்ணிலிருந்து எடுத்துப் பாதம் முழுவதுக்கும் காலுக்கும் பிரித்துக் கொடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்துத் திரும்பப் போடுவார்கள். 2001ல் வெளியான ஒரு ஆய்வில் இந்தக் கட்டுப் போட்டவர்களில் 12 வாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்குப் புண் மூடியது. கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுத்தவர்களில் 65 சதவீதம், பாதிச் செருப்பு கொடுத்தவர்களில் 58 சதவீதம். மேலே சொன்ன வளர்த்த தோலின் 56 சதவீதத்தோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாது, வேறு வேறு நோயாளிகள். ஆனாலும் ஒரு மாவுக்கட்டு இவ்வளவு செய்யும் என்பது தெரிய வேண்டும். கழற்றும் பூட்ஸ் ஏன் பின்தங்கியது? கழற்ற முடிவதால்தான். அதே குழுவினர் பிறகு அளந்து பார்த்தபோது, நோயாளிகள் வைத்த அடிகளில் 28 சதவீதம்தான் பூட்ஸ் போட்டுக்கொண்டு வைத்தவை. வீட்டுக்குள் யாரும் போடுவதில்லை. உங்கள் அப்பா போன்ற உழைப்பாளிக்குக் கழற்ற முடியாத கட்டுதான் சரி என்பது என் கருத்து.

ஆனால் வியாபாரம்? அதைக் கேட்காமல் மருத்துவம் சொல்லிவிட்டுப் போவதில் பயன் இல்லை. கட்டோடு வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கலாம், தலையில் பாத்திரத்தோடு தாதர் வரை போகக் கூடாது. இரண்டு மூன்று மாதம் அவர் உட்கார வேண்டும். மாவரைப்பதும் சட்னியும் கணக்கும் உட்கார்ந்தபடி அவர் பார்க்கட்டும், சுமந்து விற்பதற்கு ஊர்க்காரப் பையன் ஒருவனைச் சம்பளத்துக்கு வையுங்கள். ஊசிக்காகத் திரட்டப் பார்த்த பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அந்தப் பணத்தைச் செலவு செய்ய ஒரு நல்ல இடம் இருக்கிறது என்றால் அது இந்தப் பையனின் சம்பளம்தான். வாடிக்கை போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் வலி இல்லை, வலி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் சில நடைமுறைச் சங்கடங்கள். உங்கள் வீடு ஏணி வைத்த மேல்தட்டு உள்ள வீடு என்றால் கட்டு இருக்கும்வரை அவர் கீழேயே படுக்கட்டும். பொதுக் கழிப்பறைக்கு நடந்து போவதும் கட்டோடு குந்தி உட்காருவதும் கஷ்டம், நாற்காலி மாதிரியான கமோடு ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் நின்றால் கட்டு நனையக் கூடாது. நனைந்துவிட்டால் அன்றே போய் மாற்ற வேண்டும். கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் சர்க்கரை ஏறினாலோ அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள். வலி தெரியாத காலில் இவைதான் எச்சரிக்கை மணி.

நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைய வேண்டும். இது நாங்கள் வைத்திருக்கும் நல்ல அளவுகோல். ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் பாதியாகக் குறையவில்லை என்றால், அப்போது உட்கார்ந்து வேறு வழிகளைப் பேசலாம். விரலின் எலும்பு அழுத்துகிறதென்றால் ஒரு சிறு அறுவைச் சிகிச்சை, அல்லது பனிக்குடச் சவ்வு போன்ற பொருட்கள், இல்லையென்றால் முறையாகப் பதிவான ஒரு ஸ்டெம் செல் ஆய்வில்கூடப் பணம் கொடுக்காமல் சேர்வது. அந்தக் கதவை நான் மூடவில்லை.

தொப்புள்கொடி ரத்தம் பற்றிக் கேட்டீர்கள். அதில் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் தலசீமியா போன்ற நோய்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாதப் புண்ணுக்கு அதற்கு எந்த நிறுவப்பட்ட உபயோகமும் இல்லை. வீட்டில் இருந்தும் அப்பாவுக்குக் கொடுக்கவில்லையே என்ற குறை உங்கள் மனதில் வேண்டாம்.

தோல் ஒட்டுவது பற்றிக் கேட்டதால் இன்னும் ஒரு வார்த்தை. இந்த நகரத்தில் தோலுக்காக உண்மையில் காத்திருப்பவர்கள் தீக்காயம் பட்டவர்கள். சயான் ஆஸ்பத்திரியில் 2000லிருந்து தோல் வங்கி இருக்கிறது, ஐரோலியில் தேசியத் தீக்காய மையத்திலும் இருக்கிறது. இறந்தவர் உடலிலிருந்து 6 மணி நேரத்துக்குள் தொடை, முதுகுப் பக்கத்திலிருந்து மிக மெல்லிய ஏடாகத் தோல் எடுப்பார்கள், கிளிசராலில் ஐந்து வருஷம் வரை வைத்திருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவரும் கொடுக்கலாம், ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை. அது நிரந்தரமாக ஒட்டாது, இரண்டு மூன்று வாரம் ஒரு போர்வை மாதிரி காத்து, நோயாளி பிழைக்க நேரம் வாங்கிக் கொடுக்கும். கண் தானம் அளவுக்கு நம் மக்களிடம் இது இன்னும் பரவவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன், வீட்டில் பேசி வையுங்கள்.

புண் ஆறிய பிறகு அப்பா பழைய ரப்பர் செருப்பைத் தொடக் கூடாது. ஆறியவர்களில் 10 பேரில் 4 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வருகிறது. தொழுநோயாளிகளுக்காக வேலூர்ப் பக்கம் பழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். செருப்பு, மெத்தென்ற உள்ளங்காலோடு, பின்பட்டியோடு கிடைக்கும். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டே நடக்க வேண்டும். கோவிலில் என்ன செய்வது என்று கேட்பார். வெயிலில் சுட்ட கல் தரையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, காலையில் சீக்கிரம் போய் சுத்தமான காலுறையோடு நடக்கட்டும், வந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்த பிறகு இடது பாதத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அதே இடத்தில் தடிப்பு இருக்கிறதா, நடுவில் கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வலது கால் கட்டில் இருக்கும் மாதங்களில் பாரம் முழுக்க இடது காலுக்குத்தான் போகும். மருத்துவமனையில் இரண்டு காலையும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்